மூணாவது வாரம் ஆளைக் காணோமே!

கோயமுத்தூர்ப் பக்கம் ஏலச்சீட்டு போட்டவர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு மாசம் தவணை கட்டாமல் இருந்து பாருங்கள்... சாயங்காலம் ஆறு மணிக்குள் வாசலில் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்கும். "ஏனுங் தம்பி, இந்த மாசம் ஆளையே காணோமுங்களே... ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" வந்தவர் பணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் அந்த 'காணோமுங்களே'யில் கொஞ்சம் நிஜமான விசாரிப்பும் இருக்கும். காப்பி குடிப்பார், நாட்டு நடப்பு பேசுவார், தவணையை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

நான் பி.காம். பட்டதாரி. எதைப் பார்த்தாலும் வரவு-செலவு, தவணை, பாக்கி என்றே புத்தி போகும். டிப்ரஷன் என்கிற மனச்சோர்வுக்குச் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர்கள் பாதியில் காணாமல் போய்விடுகிறார்கள் என்று படித்தபோது, 'அடடா, இங்கே சீட்டுக்காரர் இல்லையே!' என்பதுதான் எனக்குத் தோன்றியது. ஜோக்காகத் தோன்றியதுதான். மேலே படிக்கப் படிக்க, ஆராய்ச்சிக்காரர்களும் கிட்டத்தட்ட அதையேதான் (கொஞ்சம் கௌரவமான பாஷையில்) சொல்கிறார்கள் என்று புரிந்தது.

காணாமல் போகிறவர்கள் எத்தனை பேர்? 2019-ல் ஒரு கணக்கு வெளியானது. பத்தாயிரம் பேருக்கு மேல் இறக்கிக்கொண்ட 93 மனநல ஆப்களை எடுத்து, யார் எத்தனை நாள் அதைத் திறக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நடுத்தரமான ஒரு ஆப்பில் 15 நாள் கழித்துத் திறந்தவர்கள் நூற்றுக்கு 3.9 பேர். 30 நாள் கழித்து 3.3 பேர். அதாவது நூறு பேர் பஸ் ஏறினால் மூன்று பேர்தான் கடைசி ஸ்டாப் வரை. மற்ற 97 பேர் நடுவழியில் எங்கே இறங்கினார்கள் என்று கண்டக்டருக்கே தெரியாது. ஏனென்றால் கண்டக்டரே கிடையாது.

"சோம்பேறிப் பசங்க சார், எதையுமே முழுசாச் செய்யறதில்லை" என்று ஆபீஸ் மேனேஜர் மாதிரி தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். இந்த நோயின் லட்சணமே அதுதான். கால் ஒடிந்தவனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகக் கால் இல்லாவிட்டாலும் மனசு இருக்கும். யாராவது தூக்கிக்கொண்டு போனால் சந்தோஷமாகப் போவான். மனச்சோர்வு வந்தவனுக்குப் போக வேண்டும் என்கிற அந்த உந்துதல்தான் முதலில் கழன்று விழுகிறது. 'போய் என்ன ஆகப்போகிறது' என்று அவன் சொல்லும்போது பேசுவது நோய். சிகிச்சைக்கு எந்தச் சரக்கு தேவையோ, அந்தச் சரக்கையே நோய் திருடிக்கொண்டு போயிருக்கிறது. 'ஒரு பட்டனை அழுத்தினால் போதுமே' என்று நமக்குத் தோன்றலாம். அவருக்கு அந்தப் பட்டன் மருதமலைப் படி மாதிரி.

இதில் மாத்திரையும் சேர்ந்தால் இன்னொரு சிக்கல். மனச்சோர்வு மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்காது. இரண்டு வாரம், நாலு வாரம் ஆகும். ஆனால் வாய் உலர்வது, வயிற்றைப் பிரட்டுவது போன்ற தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே ஆஜராகிவிடும். செலவு முதலில், வரவு பிறகு. எந்த யாவாரியும் இந்தக் கட்டத்தில்தான் கடையைச் சாத்துவான். அதைத் தாண்டி வந்தவர்களில் ஒரு கூட்டம் ஆறாவது வாரம் 'நல்லாயிருச்சுங்க' என்று தானாகவே நிறுத்திவிடும். டாக்டர்களோ, தேறின பிறகும் குறைந்தது ஆறு மாதம் விடாதே என்கிறார்கள்.

சரி, இங்கிலாந்துக்கு ஒரு நடை போய் வருவோம். அங்கே இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மனச்சோர்வுக்கு சி.பி.டி. என்று ஒரு பேச்சு சிகிச்சை உண்டு. நம்முடைய யோசனைகளையே கணக்குப் பிள்ளை மாதிரி சரிபார்க்கக் கற்றுக்கொடுப்பது. 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று ஒரு பற்று எழுதினால், 'வவுச்சர் எங்கே?' என்று கேட்கிற சமாசாரம். இதை கம்ப்யூட்டர் பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். 'பீட்டிங் த ப்ளூஸ்' என்று ஒன்று, ஆஸ்திரேலியாவில் செய்த 'மூட்ஜிம்' என்று ஒன்று. இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்களிடம் வந்த 691 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் அதோடு ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பாடம். முடிவு 2015-ல் வெளியானது. கம்ப்யூட்டர் பாடத்தால் கூடுதல் பலன் என்று சொல்லும்படி எதுவும் இல்லை! காரணம் தேடினால், ஒன்றில் 18 சதவீதம் பேர், இன்னொன்றில் 16 சதவீதம் பேர்தான் எல்லாப் பாடத்தையும் முடித்திருக்கிறார்கள். எட்டுப் பாடம் உள்ளதில் சராசரி ஆசாமி இரண்டோடு எழுந்து போய்விட்டார். மருந்து நல்லதோ கெட்டதோ, பாட்டிலைத் திறந்தால்தானே தெரியும்?

இத்தனைக்கும் அந்த ஆராய்ச்சியில் நோயாளிகளுக்கு போன் செய்தார்கள். ஆனால் அது 'லாகின் ஆகுதா, பாஸ்வேர்ட் சரியா இருக்கா' ரக போன். கேஸ் ஏஜென்சி போன் மாதிரி.

அதே குழுவைச் சேர்ந்தவர்கள் விடவில்லை. அடுத்து 369 பேரை எடுத்துக்கொண்டு, மூட்ஜிம்மையே கொடுத்து, பாதிப் பேருக்கு வேறு மாதிரி போன் செய்தார்கள். பயிற்சி பெற்ற ஒரே ஆள், முறை வைத்து, சில நிமிஷங்கள்: போன வாரப் பாடம் எப்படிப் போச்சு, எங்கே கஷ்டமாக இருந்தது, இந்த வாரம் எதைச் செய்து பார்க்கப் போகிறீர்கள்? 2017-ல் வந்த முடிவு: நான்காவது மாதத்தில், போன் வந்தவர்கள் நன்றாகவே தேறியிருந்தார்கள். ஒரு வருஷத்தில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொய்க்கணக்கு எழுத எனக்கு வராது. ஆனால் கம்ப்யூட்டர் அதே கம்ப்யூட்டர், பாடம் அதே பாடம். மாறினது என்ன? காத்திருந்து கேட்கிற ஒரு ஆள்.

சிகாகோவில் டேவிட் மோர் என்கிற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2011-லேயே இதற்கு ஒரு தியரி எழுதிவிட்டார்கள். ஆள் இருந்தால் மட்டும் போதாதாம். அந்த ஆள் நம்பத் தகுந்தவர், நம் நல்லதை நினைக்கிறவர், விஷயம் தெரிந்தவர் என்று நோயாளிக்குத் தோன்ற வேண்டும். அப்படிப்பட்டவரிடம் 'இதைச் செய்கிறேன்' என்று ஒப்புக்கொண்டால் செய்வோம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது தண்டல்காரர் போன் ஆகிவிடும், எடுக்க மாட்டோம்.

'அதான் ஆப்பே தினமும் ஞாபகப்படுத்துதே சார்' என்கிறீர்களா? செல்போன் டொய்ங் என்று சத்தம் போட்டு 'இன்று உங்கள் மனநிலை எப்படி?' என்று கேட்கிறது. அதற்கு முந்தின டொய்ங், புடவைக் கடைத் தள்ளுபடி. பிந்தினது, பேங்க் மினிமம் பேலன்ஸ். நோட்டிஃபிகேஷனுக்கு வெட்கம் கிடையாது; நமக்கும் அதனிடம் வெட்கம் கிடையாது. கட்டை விரலால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். நண்பர் ஒருவர். பீளமேட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை, வீடு ஒண்டிப்புதூர்ப் பக்கம், வயது 29. பெயர் வேண்டாம். (எழுதலாமா என்று கேட்டதற்கு, 'எழுதுங்க, ஆனா எங்க ஆடிட்டர் இந்தப் புக்கைத்தான் வாராவாரம் படிக்கறாரு' என்றார்.) ஒரு ஜி.எஸ்.டி. சீஸனில் ஆரம்பித்தது. தூக்கம் போனது, பசி போனது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போனது. எக்ஸெல் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி உட்கார்ந்திருப்பாராம், ஒரு செல்கூட நிரப்பாமல். ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கம். 'எங்க அப்பாவோட பம்ப் கம்பெனி நஷ்டமானப்பக்கூட அவரு ஒரு நாள் படுக்கலைங்க. எனக்கென்ன கேடு?' அப்பா படுக்கவில்லைதான். தினமும் சாயங்காலம் வேறொரு வைத்தியம் எடுத்துக்கொண்டார், பாட்டிலில். அந்தக் கணக்கு நம் ஊரில் நோய்க் கணக்கில் ஏறுவதில்லை. 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல சர்வேயில் இப்படிப்பட்ட சாதாரண மனநோய்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் சிகிச்சையே எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. சர்வே நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

நண்பர் யாருக்கும் தெரியாமல் ஒரு ஆப்பில் எட்டு செஷன் பாக்கேஜுக்கு மொத்தமாகப் பணம் கட்டினார். முதல் வாரம் ஒரு கவுன்சலர். இரண்டாவது வாரம் வேறு ஒருவர்; மறுபடி ஊர், பேர், எப்போதிலிருந்து என்று முதலிலிருந்து கதை. இரண்டு பேருக்கும் தமிழ் வராது. 'எனக்கு மனசு வெறுக்குனு இருக்குது'ங்கறதை இங்கிலீஷ்ல எப்படிங்க சொல்றது? 'ஐ ஃபீல் ஹெவி'ன்னேன். அந்தம்மா 'வெயிட் எவ்வளவு'ன்னு கேக்காததுதான் பாக்கி!' மூன்றாவது வாரம் அவர் போகவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. ரீஃபண்டும் இல்லை.

மொத்தமாகப் பணம் கட்டினால் விட மாட்டோம் என்று நினைப்பது நம்முடைய பழைய நம்பிக்கை. 2006-ல் அமெரிக்காவில் இரண்டு பொருளாதார நிபுணர்கள் உடற்பயிற்சி ஜிம்களின் கணக்கைத் தோண்டினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதம் நாலு தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலர் விழுகிறது. பத்துத் தடவைக்கான பாஸ் வாங்கி, தடவைக்கு 10 டாலரிலேயே போயிருக்கலாம். அதுவும் உடம்பும் மனசும் தெம்பாக இருக்கிறவர்கள் கணக்கு. ஆகவே எட்டு, பன்னிரண்டு என்று பாக்கேஜ் காட்டினால் முதலில் ஒன்று, இரண்டுக்கு மட்டும் கட்டுங்கள். காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன்.

நாலு மாதம் கழித்து நண்பரின் உடம்பு ரொம்ப இளைத்துப்போய், ஃபேமிலி டாக்டர் ஒருவர் கண்டுபிடித்து, ஒரு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை ஆரம்பமானது. கூடவே அங்கிருந்த உளவியல் நிபுணர் ஒரு பெண்மணி; ஈரோட்டுப் பக்கத்துக்காரர். நேரில் ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் வீடியோவில், ஒவ்வொரு வியாழக்கிழமையும் ராத்திரி எட்டு மணி.

இங்கேயும் மூன்றாவது வாரம் நண்பர் கட்! பழக்க தோஷம். எட்டு இருபதுக்கு ஒரு மெஸேஜ் வந்தது. திட்டும் இல்லை, அறிவுரையும் இல்லை. 'இன்னைக்கு முடியலை போலிருக்குங்க. பரவாயில்லை. அடுத்த வியாழன் வீடியோ வேண்டாம், மூஞ்சியே காட்ட வேண்டாம். பத்து நிமிஷம் போன்ல மட்டும் பேசலாமா?'

"அதைப் பார்த்துட்டு மொட்டை மாடியில உக்காந்து அழுதுட்டேங்க" என்றார் நண்பர். "நான் வரலைங்கறதை ஒருத்தர் கவனிச்சிருக்காங்கல்ல?"

அடுத்த வியாழன் பத்து நிமிஷம். அதற்கடுத்த வாரம் இருபது. பிறகு வீடியோ. தவணையைக் குறைத்துக்கொண்டு கணக்கை மூடாமல் வைத்திருப்பது என்பது நல்ல பேங்க் மேனேஜருக்கே தெரிந்த வித்தை.

இடம் ஒரு பெரும் பிரச்சினை. ஆன்லைன் என்றால் வீட்டிலிருந்தபடியே என்று விளம்பரம் போடுகிறார்கள். எந்த வீடு? ஒண்டிப்புதூர் வீட்டில் இரண்டு ரூம், நாலு பேர், ஒரு டி.வி. மொட்டை மாடிக்குப் போனால் வடகம் எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் டேங்க் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். சரவணம்பட்டி ஐ.டி. பையன்கள் சிலர் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறார்களாம். கார் இல்லாதவன்? நண்பர் பாஷை மாற்றிக்கொண்டார். அந்த அக்கா தலை தெரிந்தால் 'மேடம், பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலைங்க' என்பார். இந்த வார்த்தை வந்தால் பக்கத்தில் ஆள் என்று அர்த்தம். கவுன்சலர் 'ஆமாம், இல்லை' என்று பதில் சொல்லும்படியான கேள்விகளாகக் கேட்பார். முதல் நாளே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. நீங்களும் முதல் செஷனிலேயே, 'எங்க வீட்ல தனியிடம் கிடையாதுங்க, என்ன பண்ணலாம்' என்று கேட்டுவிடுங்கள். தலையணையை வாயில் வைத்துக்கொண்டு மனசைத் திறக்க முடியாது.

அடுத்த சிக்கல்தான் வேடிக்கை. வாரா வாரம் வியாழன் எட்டு மணிக்குப் பையன் தலை சீவி, ஹெட்போனோடு மாடிக்குப் போகிறான். போனில் ஒரு பொம்பளைக் குரல். அம்மா எத்தனை நாள் பொறுப்பார்?

"ஏஞ் சாமி, வெசாளக்கெழமையானா ஆருகூடடா இப்பிடிப் பேசறே? நம்ம சாதிசனம்தானா?"

அப்பா ஒரு படி மேலே போய் பொருத்தம் பார்க்கிற ஜோசியரிடம் தகவல் சொல்லிவிட்டார். ஒரு வியாழன் மாடியேறி வந்து, "போனைக் குடு, நானே பேசிக்கறேன்" என்று நின்றார். இனிமேல் மறைக்க முடியாது என்று நண்பர் உள்ளதைச் சொன்னார். அப்பா ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார். அம்மாதான் படியிலேயே உட்கார்ந்து, "இத்தன நாளு எங்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தியா கண்ணு?" என்றாராம்.

வீட்டில் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சில வீடுகளில் சொன்னால் மறுநாள் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். ஆனால் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. அக்காவோ, ரூம்மேட்டோ. அந்த நேரத்தில் தொந்தரவு செய்யாமல் இருக்கவும், 'இன்னைக்கு வியாழக்கிழமைதானே?' என்று கேட்கவும் ஒரு ஆள். கவுன்சலரும் முதல் நாள் நீங்கள் இருக்கும் இடம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்பார். 'எதுக்கு அட்ரஸ் கேக்கறாங்க' என்று சிலர் இங்கேயே பயந்து ஓடிவிடுகிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரால் உங்கள் கையைப் பிடிக்க முடியாது. அவசரத்தில் பிடிக்கக்கூடிய ஒரு கை அவருக்கு வேண்டும். அவ்வளவுதான். பதிலுக்கு நீங்களும் கேட்கலாம். 2020 மார்ச் 25-ல் மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் விதிகளின்படி, டாக்டர் தன்னுடைய ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரைத் தெரிவிக்க வேண்டும்.

தூரத்து டாக்டர், பக்கத்து ஆள் என்கிற இந்த ஜோடிக்குத் தமிழ்நாட்டிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் ஆரம்பித்த 'ஸ்கார்ஃப்' அமைப்பு, 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு டி.வி. திரை, கேமரா, ஒரு மருந்துக்கடை. கிராமத்தில் நோயாளி பஸ்ஸுக்குள் ஏறி உட்காருவார். சென்னையிலிருந்து டாக்டர் திரையில் பேசுவார். எழுதின மாத்திரையை இறங்கும்போதே இலவசமாக வாங்கிக்கொண்டு போகலாம். அங்கே வந்தவர்களில் மனச்சிதைவு போன்ற கடுமையான நோய் உள்ளவர்கள் அதிகம். எல்லாரும் அந்த பஸ்ஸைப் பற்றியும் திரையைப் பற்றியும்தான் பேசினார்கள். எனக்குப் பிடித்தது, உள்ளூரிலேயே ஆட்களைப் பழக்கி வேலைக்கு வைத்ததுதான். யாருக்கு நோய் என்று கண்டுபிடித்து, பஸ் வருகிற நாளைச் சொல்லி, வராதவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற ஆட்கள். டெக்னாலஜி டாக்டரைக் கொண்டுவந்தது. நோயாளியைக் கொண்டுவந்தது அந்த ஆட்கள்.

கோவாவில் நடந்தது நேருக்கு நேர் செய்த சிகிச்சை, ஆன்லைன் கிடையாது. இருந்தாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே சைக்காலஜி டிகிரி இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஆறிலிருந்து எட்டு தடவை பேசச் செய்தார்கள். 495 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி. 2017-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. மூன்று மாதத்தில், பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான வைத்தியத்தில் 39 சதவீதம். அவர்கள் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. 'மனசு சரியானதும் வாக்கிங் போகிறேன்' என்பதைத் திருப்பிப் போட்டு, 'முதலில் தெருமுனை வரை நட, மனசு பின்னால் வரும்' என்றார்கள். அதுவும் அவரவர் வாழ்க்கைக்குப் பொருந்துகிற மாதிரி, செய்து முடிக்கக்கூடிய சின்னச் சின்ன வேலை.

ஒண்டிப்புதூர் நண்பருக்கு முதல் வாரம் கொடுத்த ஹோம் ஒர்க் என்ன தெரியுமா? காலையில் பால் பாக்கெட்டைத் தானே போய் வாங்கி வருவது. 'இதுக்கா சார் காசு?' என்று எனக்கே கோபம் வந்தது. ஆனால் பதினைந்து நாளாகப் பகல் பதினொன்று வரை கட்டிலில் கிடந்தவனுக்கு ஆறு மணிப் பால் பெரிய விஷயம்தான். செய்து முடித்தால் வியாழக்கிழமை சொல்வதற்கு ஒரு சமாசாரமும் ஆயிற்று.

இன்னொன்று, மார்க் ஷீட். பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள். போன இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது பிடிப்பு இருந்ததா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. இந்தப் பரீட்சையில் குறைய வாங்கினால்தான் கெட்டிக்காரன். 10-ஐத் தாண்டினால் டாக்டர்கள் கவனிக்கிறார்கள். 20-க்கு மேல் கடுமை. சில வாரத்துக்கு ஒரு முறை இதைப் போட்டு நோட்டில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஏனென்றால் சோர்ந்த மனசு நல்ல கணக்குப் பிள்ளை இல்லை. நஷ்டத்தை மட்டும் எழுதும். நண்பர் ஐந்தாவது வாரம், 'ஒண்ணும் முன்னேற்றமில்லீங்க, நிறுத்திக்கலாம்' என்றாராம். கவுன்சலர் நோட்டை எடுக்கச் சொன்னார். முதல் வாரம் 19. அன்றைக்கு 13. 'ஆறு மார்க் எங்கே போச்சுங்க?' என்று கேட்டார். ஆடிட்டர் ஆபீஸ் ஆளிடம் அதற்கு மேல் என்ன பேச?

காசு இல்லாதவருக்கும் வழி உண்டு. 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு 'டெலி மானஸ்' என்று ஆரம்பித்தது. நம்பர் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழில் பேசலாம். தமிழக அரசு அதே மாதம் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர் வைத்துத் தொடங்கிவைத்தது. முதலில் பயிற்சி பெற்ற கவுன்சலர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல டாக்டருக்கு மாற்றுவார்கள். 2025 தொடக்கத்திலேயே நாடு முழுக்க வந்த அழைப்புகள் 18 லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2024 அக்டோபரில் வீடியோவிலும் டாக்டரைப் பார்க்கிற வசதியை முதலில் சில மாநிலங்களில் தொடங்கினார்கள். தமிழ்நாடு அதில் ஒன்று. என்னைக் கேட்டால், ஒரு அழைப்பு என்பது கதவைத் தட்டுவது மாதிரி. அதோடு நிறுத்தாமல், 'மறுபடி நான் எப்பப் பேசணும்? நீங்க கூப்பிடுவீங்களா? எங்க ஊர்ல எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு, என்னிக்குப் போகணும்?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கிண்டல் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு வந்தால் வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது. பாக்கேஜ், ஆப், செஷன் எல்லாம் அப்புறம். பக்கத்தில் இருக்கிற ஆளிடம் அந்த நிமிஷமே சொல்லிவிட்டு, 14416-ஐக் கூப்பிட வேண்டும். அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நண்பனிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தால் 'அட விடு மாப்ள' என்று விடாமல் கூடவே இருங்கள்.

கவுன்சலரைப் பிடிக்கவில்லை என்றால்? பையன்கள் செய்கிற வேலை, சொல்லாமல் கொள்ளாமல் நம்பரை பிளாக் செய்வது. பொண்ணு பிடிக்காவிட்டால்கூட புரோக்கர் மூலம் சொல்லி அனுப்புகிறோமே! 'நீங்க பேசறது எனக்கு ஒத்து வரலைங்க, வேற ஒருத்தர்கிட்ட மாத்தி விடறீங்களா?' என்று கேட்டால், தொழில் தெரிந்த யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சில சமயம் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் பேச்சே சூடு பிடிக்கும்.

நண்பர் பதினாலு வியாழக்கிழமை முடித்தார். இப்போது மாதம் ஒரு தடவைதான். மாத்திரை இன்னும் நிறுத்தவில்லை. கடைசியாகப் போட்ட மார்க் 5. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் வழக்கம்போல ரன் அவுட் ஆகிறார். அப்பா இன்னும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வியாழன் வந்தால் எட்டு மணிக்கு டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறாராம். அம்மா படியிலேயே காவல். யாராவது வந்தால், "மேல ஆபீஸ் வேலையா இருக்கறானுங்க, அரைமணி களிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

போன வாரம் நான் போயிருந்தபோது அம்மா என்னைத் தனியாகச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங் தம்பி, அந்த ஈரோட்டுப் புள்ள... அதுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"